நாலு மணி நேரம்... ஒரு தீவு... இரண்டு தேசம்!

காலை எட்டரை மணிக்கெல்லாம் பிலிப்ஸ்பர்க் துறைமுகம் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். சீசன் நேரத்தில் ஒரே நாளில் நாலைந்து உல்லாசக் கப்பல்கள் அக்கம்பக்கமாக நிற்பதுண்டு. ஒவ்வொன்றும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி. தொப்பியும் துண்டுமாக ஆயிரக்கணக்கானோர் இறங்கி வருகிறார்கள். அத்தனை பேர் கையிலும் இருப்பது ஒரே ஒரு பகல்தான். மாலையில் கப்பல் கிளம்பிவிடும்.

கரீபியன் கடலின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்தத் தீவின் மொத்தப் பரப்பே சுமார் 87 சதுர கிலோமீட்டர். அதையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெற்குப் பாதி சின்ட் மார்டன். நெதர்லாந்து முடியாட்சிக்குள் 2010 அக்டோபர் 10 முதல் தன்னாட்சி பெற்ற நாடு. வடக்குப் பாதி செயின்ட் மார்டின். பிரான்ஸின் கடல்கடந்த பகுதி. காலையில் டச்சு மண்ணில் இறங்கி, பத்தரை மணிக்கு பிரெஞ்சு மண்ணில் காபி குடித்து, மதியத்துக்குள் மறுபடி டச்சுப் பக்கம் திரும்பிவிடலாம். உலகத்தில் இப்படி ஒரு வசதி அபூர்வம்.

கப்பலில் வருகிறவர்களுக்கு வழிகள் மூன்று. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் பஸ் சுற்றுலா ஒன்று. துறைமுகத்தை ஒட்டிய கடைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி ஏறுவது இன்னொன்று. மூன்றாவது, ஒரு வேனையும் ஓட்டுநரையும் தங்கள் குடும்பத்துக்கு மட்டும் அரை நாளுக்குப் பேசிக்கொள்வது. முழங்கால் வலிக்கும் பாட்டியும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'பாத்ரூம்' என்னும் பேரனும் உள்ள குடும்பத்துக்கு மூன்றாவதுதான் தோது. பிடித்த இடத்தில் கூடுதலாக அரை மணி நேரம் நிற்கலாம். பிடிக்காவிட்டால் உடனே வண்டியை எடுக்கச் சொல்லலாம். ஐம்பது பேர் பஸ்ஸில் அது நடக்காது.

ஆனால் இதில் ஒரு விஷப்பரீட்சையும் இருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் பேசிய வண்டி தாமதமானால் காத்திருக்காது. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடித்துப் போவது பயணியின் சொந்தச் செலவு. கடைசி நிமிடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு துறையில் ஓடிவருகிறவர்களைப் பார்த்து, மேல்தளத்தில் நிற்கும் சக பயணிகள் கைதட்டி ஆரவாரம் செய்வது கப்பல் உலகில் ஒரு தனி வேடிக்கை. ஓடுகிறவர்களுக்கு அது வேடிக்கை இல்லை.

அதனால்தான் 'அரை நாள்' என்பது புத்திசாலித்தனமான கணக்கு. ஒன்பது மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்புவதாகத் திட்டம் போட்டால், சாலை நெரிசல் ஒரு மணி நேரத்தை விழுங்கினாலும் கைவசம் இன்னும் நேரம் இருக்கும். 'மூணு மணி வரைக்கும் சுத்தலாமே' என்று ஆசைப்படுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடிகார விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். மியாமியிலிருந்து கிளம்பும் சில கப்பல்கள் வழி முழுவதும் மியாமி நேரத்தையே வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் தீவின் நேரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஓட்டுநர் ஒன்பது மணிக்குச் சரியாக வந்து வாசலில் நிற்பார். பயணியோ கப்பல் கடிகாரப்படி மணி எட்டுதான் என்று நிதானமாகச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எந்த நேரம் என்பதை இரு தரப்பும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் வம்பில்லை.

பேசிவிட்டு ஏறுங்கள்!

இங்கே டாக்சிகளில் மீட்டர் கிடையாது. வழக்கமான தடங்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. தீவைச் சுற்றிக் காட்டும் பயணத்துக்கு ஓட்டுநரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். டச்சுப் பக்கத்து உரிமம் பெற்ற வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே 'டாக்சி' என்று இருக்கும். சொல்லும் தொகை ஆளுக்கா, வண்டிக்கா? எத்தனை மணி நேரம்? கடற்கரையில் இவர்கள் குளித்து முடிக்கும்வரை வண்டி நிற்குமா, போய்விட்டுத் திரும்பி வருமா? இதையெல்லாம் ஏறும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுப்பதுதான் வழக்கம். அமெரிக்க டாலரை இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறார்கள். சட்டப்படி பிரெஞ்சுப் பக்கம் யூரோ. டச்சுப் பக்கம் 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர் என்ற புது நாணயம்.

வண்டி துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது ஒரு பெரிய உப்பேரி. இந்தத் தீவு பிழைத்ததே ஒரு காலத்தில் இந்த உப்பால்தான். வெயிலில் நின்று அதை வாரியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். இன்றைக்கு உப்பு வாருவதில்லை. தீவு பிழைப்பது கப்பலாலும் விமானத்தாலும்தான்.

அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவது? மேற்கே போனால் சீக்கிரம் வருவது மாஹோ கடற்கரை. எல்லோரும் முதலில் பார்க்கத் துடிக்கும் இடம். ஆனால் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பெரிய விமானங்கள் வந்து இறங்குவது பெரும்பாலும் நண்பகலிலும் அதற்குப் பிறகும்தான். காலை ஒன்பதரைக்குப் போனால் சின்ன விமானங்களைத்தான் பார்க்கலாம். எனவே கிழக்கே திரும்பி, பிரெஞ்சுப் பக்கத்தை முதலில் முடித்துக்கொண்டு, மாஹோவைக் கடைசியில் வைப்பதே மேல்.

கண்ணுக்குத் தெரியாத கோடு

கிழக்கே போகும் சாலையில் சற்று நேரத்தில் எல்லை வந்துவிடும். வந்துவிட்டது என்று ஓட்டுநர் சொன்னால்தான் தெரியும். சோதனைச் சாவடி இல்லை, தடுப்புக் கட்டை இல்லை, பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. ஒரு வரவேற்புப் பலகை, அவ்வளவுதான். (சோதனை இல்லை என்பதற்காக விசா விதி ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனி விதி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கப்பல் ஏறும் முன்பே இரண்டையும் விசாரித்துக்கொள்வது அவசியம்.)

மனிதர்களுக்குத் தெரியாத எல்லை செல்போனுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து எண்ணிலிருந்து அந்தப் பக்கத்து எண்ணை அழைத்தால் அது வெளிநாட்டு அழைப்பு. மின்சாரம்கூட வேறு. டச்சுப் பக்கம் 110 வோல்ட், பிரெஞ்சுப் பக்கம் 220 வோல்ட்.

எல்லை பிறந்த கதையை ஒவ்வொரு ஓட்டுநரும் சிரிப்போடு சொல்வார். ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு டச்சுக்காரரும் ஒரே இடத்திலிருந்து ஆளுக்கொரு பக்கமாகக் கரையோரம் நடக்கத் தொடங்கினார்களாம். சந்தித்த இடம்தான் எல்லை. பிரெஞ்சுக்காரர் கையில் ஒயின், டச்சுக்காரர் கையில் ஜின். ஜின் காலைத் தள்ளாட வைத்ததால் டச்சுப் பங்கு சிறுத்துவிட்டதாம்! நிஜத்தில் 1648 மார்ச் 23-ல் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டன. பிரான்ஸுக்கு அப்போது பக்கத்தில் கப்பல் படை இருந்தது. பெரிய துண்டு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நடைக்கதையோடு பல சுற்றுலாக்கள் நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு நடந்ததுதான் கேட்க வேண்டிய கதை. 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. நெதர்லாந்து ஒழித்தது 1863-ல்தான். இடைப்பட்ட 15 ஆண்டுகள் இந்தச் சின்னத் தீவில் என்ன நிலைமை? ஒரு மேட்டைத் தாண்டினால் சுதந்திர மனிதர். தாண்டாவிட்டால் இன்னொருவர் சொத்து. 1848-லேயே டயமண்ட் என்ற டச்சுத் தோட்டத்திலிருந்து 26 பேர் ஒன்றாகத் தப்பி பிரெஞ்சுப் பக்கம் போய்விட்டார்கள். காலால் தாண்டிவிடக்கூடிய எல்லைக்கு இந்தப் பக்கம் அடிமைகளைக் கட்டிவைக்க முடியாது என்பது முதலாளிகளுக்கும் விளங்கிவிட்டது. சட்டம் வருவதற்கு முன்பே டச்சுப் பக்கத்திலும் பிடி தளர்ந்தது. தப்பி ஓடியதற்குத் தண்டனையாக ஒரு மார்பு அறுக்கப்பட்டும், மறுபடி ஓடி மலையில் வாழ்ந்த லோகே என்ற பெண்ணின் வாய்மொழிக் கதை இன்றும் இங்கே வழங்குகிறது. பிலிப்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை இருக்கிறது. வண்டியை அந்தப் பக்கமாகவும் ஒரு நிமிஷம் ஓட்டச் சொல்லலாம்.

எந்தக் கரையில் குளிப்பது?

கடற்கரைக்கு இந்தத் தீவில் பஞ்சமே இல்லை. நாலு மணி நேரத்தில் ஒன்றில்தான் நிம்மதியாகக் குளிக்க முடியும் என்பதால், எந்த ஒன்று என்பதுதான் கேள்வி. கிழக்கே ஓரியன்ட் பே நீண்டு விரிந்த அழகு. சாய்வு நாற்காலி, குடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. அதன் தென்கோடி, ஆடையில்லாமல் குளிக்கிறவர்களுக்குப் பேர்போனது. குடும்பத்தோடு போகிறவர்கள் வடக்குப் பக்கமாக இறக்கிவிடச் சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை! சின்னக் குழந்தைகள் இருந்தால் பக்கத்திலேயே லே கேலியன். பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் நெடுந்தூரம் வரை முழங்கால் அளவுத் தண்ணீர்தான்.

ஆனால் கிழக்குக் கரைக்கு ஒரு தொல்லை உண்டு. 2011-லிருந்து சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி, முக்கியமாகக் கோடை மாதங்களில், குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். அன்றைக்குப் பாசி எங்கே இருக்கிறது என்று கூகுளைவிட ஓட்டுநருக்கு நன்றாகத் தெரியும். தனி வண்டியின் லாபமே இங்கேதான். பஸ் சுற்றுலா அச்சடித்த இடத்துக்கே போய் நிற்கும். தனி ஓட்டுநர் மேற்குக் கரையில் மாரிகோ ஊருக்கு அருகிலுள்ள ஃப்ரையர்ஸ் பேவுக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்.

கரையோர மரங்களிலும் ஒரு கண் வேண்டும். மான்சினீல் என்ற மரம் பச்சை ஆப்பிள் போலக் குட்டிக் காய் காய்க்கும். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்குக்கூட அடியில் ஒதுங்கக் கூடாது. பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். தீட்டாத மரமும் இருக்கலாம் என்பதால் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

குளித்தால் பசிக்கும். வடக்கே கிராண்ட் காஸ் என்ற மீனவ ஊரில் 'லோலோ' எனப்படும் திறந்தவெளிக் கடைகள். கரி அடுப்பில் கோழியும் மீனும் வாட்டிக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள ஜானி கேக் என்ற பொரித்த ரொட்டி. பிரெஞ்சுப் பக்கத்துச் சாப்பாட்டுப் பட்டியலில் 'கொலம்போ' என்று ஒரு பெயர் தென்பட்டால் தமிழர்கள் தைரியமாகக் கேட்கலாம். மஞ்சள், மல்லி, சீரகம் போட்ட கறிதான் அது. 1854-ல் தொடங்கி குவாதலூப் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் அடுப்பிலிருந்து பிறந்த பண்டம் இது. 'குழம்பு' திரிந்து கொலம்போ ஆனது என்பார் சிலர், கொழும்பு நகரத்தின் பெயர் என்பார் சிலர். 2007 வரை செயின்ட் மார்டின், குவாதலூப் நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தது. ருசி வந்த வழி அது.

மாரிகோவில் 1789-ல் கட்டப்பட்ட லூயி கோட்டைக்குப் படியேற வேண்டும். பாட்டி கீழே சந்தையில் உட்காரட்டும். மேலிருந்து தெரியும் கடல் அந்த மூச்சிரைப்புக்குத் தகும்.

மாஹோவுக்கு வருவோம். மணல், ஒரு சின்னச் சாலை, வேலி, உடனே ஓடுபாதை. 2,300 மீட்டர்தான் நீளம் என்பதால் விமானங்கள் ஆரம்பத்திலேயே சக்கரம் பதிக்க வேண்டும். அதற்காகக் கடற்கரையில் நிற்கிறவர்களின் தலைக்கு மேல், ஒரு தென்னை உயரத்தில் வந்து இறங்குகின்றன. முதல் தடவை பார்க்கிறவர்கள் தானாகவே குனிந்துவிடுவார்கள். இறங்கும் விமானத்தைப் பார்ப்பது வரைக்கும் கொண்டாட்டம். கிளம்பும் விமானத்தின் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பைத்தியக்காரத்தனம். இன்ஜின் காற்று மனிதரைத் தூக்கி எறியும். 2017 ஜூலையில் அப்படித் தூக்கி எறியப்பட்ட நியூசிலாந்துப் பெண் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். உயிர் போகும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் அருகிலேயே செல்ஃபியும் எடுக்கிறார்கள். பிள்ளைகளின் கையை விடாமல் தள்ளி நிற்பதுதான் சரி.

அதே ஆண்டு செப்டம்பர் 6-ல் இர்மா புயல் தீவின் மேலேயே கடந்தது. மணிக்குச் சுமார் 285 கிலோமீட்டர் வேகக் காற்று. விமான நிலையக் கட்டடம் சிதைந்தது. வீடுகள் கூரை இழந்தன. கப்பல்களும் விமானங்களும் வராத மாதங்களில் ஓட்டுநர்களுக்கு வருமானமே இல்லை. இப்போதும் வழியில் கூரையில்லாத கட்டடங்கள் சில தென்படும். 'இர்மாவின்போது எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டால், அதுவரை ஜின் கதை சொன்னவர் குரல் மாறும். அந்தப் பதிலை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் படிக்க முடியாது.

திரும்பும் வழியில் சிம்ப்சன் பே பாலம். படகுகள் போவதற்காகக் குறித்த நேரங்களில் அது தூக்கப்படும்போது இரு பக்கமும் வண்டிகள் வால் நீட்டி நிற்கும். ஓட்டுநர்கள் அந்த நேரங்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அவர் 'கிளம்பலாம்' என்றால் 'இன்னும் ஒரே ஒரு விமானம்' என்று பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்களும் கெஞ்சாமல் ஏறிக்கொள்வது உத்தமம்.

ஒரு மணிக்கோ ஒன்றரைக்கோ பிலிப்ஸ்பர்க் வந்ததும் வண்டியை அனுப்பிவிடலாம். மீதிப் பொழுதுக்கு கிரேட் பே கடற்கரை ஊர் நடுவிலேயே இருக்கிறது. அதை ஒட்டிய ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் நகைக்கடை, கைக்கடிகாரக் கடை, கேமரா கடை என்று பலவற்றின் கல்லாவில் சிந்தி வியாபாரிகள். இந்தியில் பேசினால் விலை கொஞ்சம் இறங்கலாம். சொல்லும் விலையிலேயே வாங்குகிறவர் யாரும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் எதிரே கப்பல் தெரியும். படகு டாக்சியில் சில நிமிஷம். நடந்தால் அரை மணி நேரம்.