பெட்டிக்குள் அடங்காத நுரை

ஜூலை பிறந்தால் லாஸ் ஏஞ்சலிஸ் வாழ் வஹாகாக்காரர்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். தெற்கு மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் கெலகெட்சா திருவிழா அப்போதுதான். மலைச்சரிவு அரங்கில் ஆட்டமும் பாட்டும் ஒரு பக்கம் நடக்கும். ஆனால் ஊர் திரும்பியவரைத் தேட வேண்டுமானால் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

வஹாகா நகரின் '20 நவம்பர்' சந்தையில் புகை மண்டிய ஒரு நடைபாதை உண்டு. தசாஹோ என்ற உப்பிட்ட மாட்டிறைச்சித் துண்டை எடைபோட்டு வாங்கினால், கண்ணெதிரே கரியடுப்பில் சுட்டுத் தருவார்கள். வெங்காயம், மிளகாய், தொர்தியா எல்லாம் தனித்தனி ஆளிடம் வாங்கிச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் மெக்சிகோ சாப்பாடு என்று விற்கும் கோதுமைச் சுருளுக்கும் மஞ்சள் சீஸுக்கும் இங்கே வேலையே இல்லை. இங்கே மக்காச்சோளம்தான் ராஜா. அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைக்கிறார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சோளத்தின் நியாசின் சத்து உடம்பில் ஒட்டும். தானியத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது.

அந்த மாவில் முறத்தளவு தட்டி, விறைப்பாகச் சுட்டெடுப்பது த்லயூடா. பன்றிக்கொழுப்பும் அரைத்த கறுப்பு பீன்ஸும் தடவி, நூல்கண்டாகச் சுற்றி விற்கும் கெசியோ பாலாடைக்கட்டியைப் பிரித்துப் போட்டுத் தணலில் வாட்டுவார்கள். விருந்து என்றால் கறுப்பு மோலே. சில்வாக்லே மிளகாயைக் கருகும் விளிம்புவரை வறுத்து, எள், பாதாம், திராட்சை, பட்டை, கிராம்பு, சாக்லேட் என்று இருபதுக்கு மேற்பட்ட சரக்கு சேர்த்து அரைக்கும் குழம்பு இது. அந்தக் கருகலில் ஒரு நொடி பிசகினாலும் கசப்பு; சமையல்காரியின் கைப்பக்குவம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பயணம் போகும். மோலே விழுதாகக் கிடைக்கும், த்லயூடா காய்ந்தது, சந்தையில் தின்பண்டமாக விற்கும் வறுத்த வெட்டுக்கிளியும் கெடாது. தெஹாத்தே என்ற பானம்தான் போகாது. சாம்பலில் வேகவைத்த சோளம், கொக்கோ, மாமே பழக்கொட்டை, கொக்கோப்பூ எனப்படும் ஒரு மணப்பூ ஆகியவற்றை அரைத்து, பெரிய மண்தொட்டியில் கையால் பிசைந்து, உயரத்திலிருந்து குளிர்ந்த நீர் ஊற்றினால் வெள்ளை நுரை திரளும். வண்ணம் தீட்டிய குடுக்கையில் மொண்டு தருவார்கள். நுரை அடங்குவதற்குள் குடித்தாக வேண்டும். உவாயாபம் ஊர்ப் பெண்கள் இதில் பேர்போனவர்கள். த்லகோலூலா ஞாயிற்றுச் சந்தையிலும் கிடைக்கும்.

பயணம் போக முடியாத மனிதர்களும் இருக்கிறார்கள். 1994-இல் அமெரிக்கா சான் தியாகோ எல்லையை இறுக்கியது. ஆவணம் இல்லாதவர் ஊருக்குப் போனால் திரும்பி வருவது அதன்பின் பெரும்பாடானது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் கெலகெட்சா என்ற பெயரிலேயே ஒரு வஹாகா உணவகம் திறந்தது. 2015-இல் அதற்கு அமெரிக்க உணவுத்துறையின் ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. போக முடியாதவர்களுக்கு அங்கே கிடைக்கும் மோலே பெரிய ஆறுதல்தான். என்றாலும் ஊருக்குப் போய்வருகிறவரின் பெட்டியில் பாதி இடம் அவர்கள் கேட்ட பண்டங்களுக்குத்தான்: ஒரு வீட்டுக்கு மோலே, இன்னொரு வீட்டுக்குத் த்லயூடாக் கட்டு, யாரோ ஒருவருக்கு வெட்டுக்கிளி. தசாஹோவுக்குச் சுங்கத்தில் கெடுபிடி. அதை மட்டும் சந்தையிலேயே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.