சூரியனின் இரைச்சலைக் கேட்டவர்



துணைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்களில் சிலர் இதைக் கவனித்திருப்பீர்கள். ஆண்டுக்கு இருமுறை, மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய சில நாள்களில், நல்ல வெயில் அடிக்கும்போதே படம் சிதறும். சில நிமிடங்கள் காணாமல்கூடப் போகும். பிறகு தானாகவே திரும்பி வரும். மழையும் இல்லை, இடியும் இல்லை, பெட்டியிலும் கோளாறு இல்லை. பின் ஏன் இப்படி?

எங்கள் ஒளிபரப்புத் துறையில் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்த நேரத்தில் சூரியன் துணைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியன் நமக்கு ஒளியையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்புவதில்லை. வானொலி அலைகளையும் அனுப்புகிறது. துணைக்கோளிலிருந்து வரும் மெல்லிய அலையை, பின்னால் நிற்கும் சூரியனின் பேரிரைச்சல் அமுக்கிவிடுகிறது.

சூரியன் இப்படி இரைகிறது என்பதை உலகம் அறிந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதை முதன்முதலில் கண்டறிந்த ஒரு சிலரில் ஒருவர், நம் சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு பெண்மணி. பெயர் எலிசபெத் அலெக்சாண்டர். வானொலி வானியலில் ஈடுபட்ட முதல் பெண் விஞ்ஞானி என்று வரலாற்றாய்வாளர்கள் இவரைக் குறிப்பிடுகிறார்கள். இதில் வியப்பு என்னவென்றால், அவர் வானியல் படித்தவர் அல்லர். பாறைகளைப் பற்றிப் படித்தவர். இன்றைய அரங்கில் அவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பாட்னாவிலிருந்து புக்கிட் தீமாவுக்கு

எலிசபெத் 1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் இந்தியாவில் பாட்னா நகரில் கல்லூரிப் பணியில் இருந்ததால், குழந்தைப் பருவம் அங்கே கழிந்தது. பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் படித்து, நிலவியலில் முனைவர் ஆய்வை முடித்தார். அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், ஆனால் ஆண்களுக்குச் சமமான பட்ட உரிமை கிடையாது. அந்த உரிமை 1948-இல்தான் வந்தது.

1935-இல் நார்மன் அலெக்சாண்டர் என்ற நியூசிலாந்து இயற்பியல் அறிஞரை மணந்தார். நார்மனுக்குச் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புக்கிட் தீமா வளாகமாக இருக்கும் இடம் அது. எலிசபெத்துக்கு இங்கே தனியாகப் பதவி எதுவும் காத்திருக்கவில்லை. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. நம் வெயிலிலும் மழையிலும் பாறை எவ்வளவு வேகமாகச் சிதைந்து மண்ணாகிறது என்று ஆராயத் தொடங்கினார். இதற்கிடையே மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார்.

போர் மேகம் சூழ்ந்தபோது, கடற்படைத் தளத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வானொலி அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. பாறையைப் படித்தவர் வானொலியைத் தொட்டது இப்படித்தான்.

மூன்று பிள்ளைகளும் ஒரு பெட்டியும்

1942 ஜனவரி. ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கித் தெற்கே வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடன் எலிசபெத் நியூசிலாந்துக்குக் கிளம்பினார். திரும்ப முடியவில்லை. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நார்மன் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போனவர் வருவாரா, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நாள்களை எண்ணிய குடும்பங்கள் இங்கே எத்தனையோ. எலிசபெத்தின் நிலையும் அதுதான். ஊர் புதிது. கையில் மூன்று குழந்தைகள். சம்பாதித்தால்தான் சாப்பாடு.

வெலிங்டன் நகரில் வானொலி வளர்ச்சி ஆய்வுக்கூடம் என்ற போர்க்கால நிறுவனம் இருந்தது. ரேடார் கருவிகளை உருவாக்கும் இடம். அங்கே செயல்பாட்டு ஆய்வுப் பிரிவின் தலைமைப் பொறுப்பு எலிசபெத்துக்குக் கிடைத்தது. கடற்கரையோர ரேடார் நிலையங்கள் சரியாக வேலை செய்கின்றனவா, எங்கே பிழை வருகிறது, ஏன் வருகிறது என்று பார்த்துச் சொல்வது அந்தப் பிரிவின் கடமை.

உதயத்திலும் மறைவிலும்

ரேடார் எப்படி வேலை செய்கிறது? வானொலி அலையைத் துடிப்பாக அனுப்பும். எதிரே விமானமோ கப்பலோ இருந்தால் அலை பட்டுத் திரும்பும். திரும்பிய அலை திரையில் ஒரு முனையாக எழும்பும். எதுவும் இல்லாதபோதும் திரையின் அடியில் சிறுசிறு கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். ரேடார் இயக்குபவர்கள் அதைப் 'புல்' என்று அழைத்தார்கள். அதுதான் இரைச்சல்.

நியூசிலாந்துக்கு வடக்கே நார்ஃபோக் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1945 மார்ச் இறுதியில், அங்கிருந்த நியூசிலாந்து விமானப்படை ரேடாரில் அந்தப் புல் திடீரென்று உயரமாக வளர்ந்தது. அதுவும் கண்ட நேரத்தில் அல்ல. சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும்தான். ஏரியலைச் சூரியன் பக்கம் திருப்பினால் இரைச்சல் கூடியது. வேறு பக்கம் திருப்பினால் குறைந்தது.

செய்தி வெலிங்டனுக்கு வந்தது. போர் நடக்கும் நேரம். "கருவிக் கோளாறு" என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். எலிசபெத் மூடவில்லை. வேறு ரேடார் நிலையங்களையும் கவனிக்கச் சொன்னார். அவர் ஆய்வின் போக்கை எளிமையாகச் சொன்னால் இப்படி இருக்கும்: இது கருவிக் கோளாறா? கோளாறு என்றால் பல நிலையங்களில் ஒரே மாதிரி வராது. எதிரி செய்யும் இடையூறா? எதிரி சூரியனோடு சேர்ந்து திசை மாறிக்கொண்டிருக்க மாட்டான். அப்படியானால் உதயத்திலும் மறைவிலும் மட்டும் ஏன்? இங்கேதான் விடை இருந்தது. அந்த ரேடார்களின் ஏரியல் தொடுவானத்தைப் பார்த்தபடி சுற்றும். மேலே அண்ணாந்து பார்க்காது. நடுப்பகலிலும் சூரியன் இரைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தொடுவானத்தின் அருகே வந்தபோதுதான் அது ரேடாரின் பார்வையில் பட்டது.

ஆக, அலைகள் சூரியனிலிருந்தே வருகின்றன. அதோடு இன்னொரு புதிரும் எழுந்தது. சூரியப் பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 6,000 டிகிரி. அந்த அளவு வெப்பமுள்ள ஒரு பொருள் வெளியிட வேண்டிய வானொலி அலையைவிட, வந்த அலை மிக வலுவாக இருந்தது. வெறும் வெப்பம் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. 'நார்ஃபோக் தீவு விளைவு' என்று பெயரிட்டு, 1945-இல் அறிக்கையாக எழுதினார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1942 பிப்ரவரியிலேயே பிரிட்டனில் ஜேம்ஸ் ஹே என்பவர் ரேடாரில் சூரியனின் இரைச்சலைக் கண்டுபிடித்திருந்தார். அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஒரு கண்டுபிடிப்பு. ஆனால் போர்க்கால இரகசியம் என்பதால் அவை வெளியுலகுக்கு வரவில்லை. உலகின் வெவ்வேறு மூலைகளில், ஒருவர் சொல்லாமலே இன்னொருவர் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எலிசபெத்தின் அறிக்கை சிட்னி ஆய்வாளர்களின் கைக்குப் போயிற்று. அவர்களைத் தூண்டிவிட்டவற்றுள் அதுவும் ஒன்று. 1945 அக்டோபரில் ஜோசப் பாசி தலைமையில் அவர்கள் சூரியனை ரேடார் ஏரியலால் கவனித்து, கரும்புள்ளிகள் கூடும்போது இரைச்சலும் கூடுகிறது என்று காட்டினார்கள். அந்தக் குழுவிலும் ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார்: ரூபி பெய்ன்-ஸ்காட். ஆஸ்திரேலியா வானொலி வானியலில் உலகின் முன்வரிசைக்கு வந்ததன் தொடக்கம் அங்கேதான்.

மீண்டும் பாறைக்கு

அதன் பிறகு எலிசபெத் என்ன ஆனார்? போர் முடிந்தது. நார்மன் உயிரோடு மீண்டார். போர்க்கால வேலைகள் முடிவுக்கு வந்தன. நார்மனும் எலிசபெத்தும் மீண்டும் சிங்கப்பூருக்குத் திரும்பினார்கள். சூரியனைப் பற்றி 1946-இல் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் சிறு கட்டுரை எழுதியதோடு அந்த வேலை நின்றது. சிங்கப்பூரில் அப்போது வானொலி வானியலுக்கு ஏது இடம்?

இங்கே தேவைப்பட்டது கல். போரில் சிதைந்த ஊரைக் கட்ட வேண்டும். சாலைக்கும் கட்டடத்துக்கும் கருங்கல் எங்கே, எவ்வளவு கிடைக்கும்? 1949-இல் அரசாங்கத்தின் நிலவியலாளராகப் பணியேற்றார். சிங்கப்பூரிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் கிடைக்கும் கருங்கல்லைப் பற்றிய அவருடைய அறிக்கை 1950-இல் வெளிவந்தது. சிங்கப்பூரின் நிலவியலை ஆராய வருபவர்கள் இன்றும் புரட்டிப் பார்க்கும் ஆவணம் அது.

1952-இல் நார்மனுக்கு நைஜீரியாவின் இபாடானில் பேராசிரியர் பதவி. எலிசபெத்தும் அங்கே சென்று கற்பித்தார். 1958-இல் நிலவியல் துறையின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவருக்கென்று வந்த பெரிய பதவி. பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே பக்கவாதம் வந்து, அக்டோபர் 15-ஆம் நாள் காலமானார். வயது 49.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நேயர்களே, இவர் பெயர் பல ஆண்டுகள் பரவலாகத் தெரியாமலே போனதற்குக் காரணம் பகையும் அல்ல, சூழ்ச்சியும் அல்ல. அறிக்கை இராணுவக் கோப்பில் இருந்தது. எழுதியவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். துறையையும் மாற்றிக்கொண்டார். எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் அவருடைய மகள் மேரி ஹாரிஸ்தான் தாயின் வரலாற்றை 2019-இல் நூலாக எழுதினார். ஓடி ஓடி உழைத்த நம் பாட்டிமார், அம்மாமார் கதைகளும் இப்படித்தான் கரைகின்றன. கேட்டு எழுதிவைக்க வேண்டிய கடமை நம்முடையது.

இன்னொன்று பெற்றோருக்கு. "நீ படித்தது இது, உனக்கு அது எதற்கு?" என்று பிள்ளைகளிடம் நாம் கேட்கிறோம். பாறை படித்தவருக்குச் சூரியன் எதற்கு என்று எலிசபெத்திடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் பாறையைப் பார்க்கக் கற்ற கண்தான் ரேடார் திரையிலும் வேலை செய்தது. இது ஏன் இங்கே இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதுதான் நிலவியலின் முதல் கேள்வி. அதே கேள்வியைத்தான் அவர் இரைச்சலிடமும் கேட்டார். கணவரைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்த அந்த நாள்களிலும் அந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை.

அடுத்த முறை வெயில் நேரத்தில் தொலைக்காட்சிப் படம் சிதறினால், பெட்டியைத் தட்டுவதற்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: இது சூரியனின் குரல், இதை முதலில் கேட்டவர்களில் ஒருவர் நம் ஊரில் வாழ்ந்தவர் என்று.