45 சுற்றுத் தட்டுக்கு ஒரு ரொக் பாட்டு

கோர்னர்ஷொப் என்னும் பிரித்தானிய இசைக்குழுவின் ‘வென் ஐ வோஸ் போர்ன் ஃபோர் த செவன்த் டைம்’ தொகுப்பு 1997 செப்டெம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவின் ‘ஸ்பின்’ சஞ்சிகை அந்த ஆண்டின் தலைசிறந்த தொகுப்பாக அதைத் தெரிந்தெடுத்தது. மாற்று ரொக் இசையில் தெற்காசிய வீடுகளின் வாசனை இவ்வளவு இயல்பாகக் கலந்த தொகுப்பு வேறொன்றைச் சொல்வது கடினம். அதன் புகழ்பெற்ற பாட்டு, ஹிந்திப் படப்பாடல்கள் பதிந்த 45 சுற்று இசைத்தட்டைக் கொண்டாடுவது. அந்தப் பாடல்கள் பரவிய கதையில் இலங்கைக்குப் பெரிய பங்கு உண்டு. வைனில் தட்டுகள் மீண்டும் வாங்கப்படும் இந்தக் காலத்தில், கண்டியில் இருந்து இத்தொகுப்பைத் திரும்பக் கேட்பவருக்கு அது பாதி உள்ளூர்ச் சரக்காகவே தோன்றும்.

மாற்று ரொக் என்பது ஒரே மாதிரியான ஓசைக்குரிய பெயர் அல்ல. 1980களில் பெரிய கம்பனிகளும் பெரிய வானொலிகளும் கண்டுகொள்ளாத குழுக்கள் சின்னக் கம்பனிகளின் வழியாகத் தங்கள் தட்டுகளை வெளியிட்டன. ஆர்.ஈ.எம்., பிக்சீஸ் போன்றவை அப்படி வளர்ந்தவை. 1992 ஜனவரியில் நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ விற்பனையில் முதலிடம் பிடித்தபின் ஓரத்தில் இருந்த அந்த இசை நடுவீதிக்கு வந்தது. அதன் அலை மலைநாட்டையும் தொட்டது. நிர்வானாவின் கிரஞ்ச் பாணிச் சாயல் கொண்ட பரனொய்ட் ஏர்த்லிங் குழு 2001இல் தொடங்கியது கண்டியில்தான்.

கோர்னர்ஷொப் 1991இல் உருவானது. பாடகரும் பாடலாசிரியருமான டிஜிந்தர் சிங், இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ப்டனில் பஞ்சாபிக் குடும்பமொன்றில் பிறந்தவர். அவரோடு கிட்டார் வாசித்த பென் அயர்ஸ் தொடக்கம் முதல் உடன் நிற்கும் கூட்டாளி. பிரித்தானியாவில் ஆசியர் என்றால் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் என்று அக்காலத்தில் பலரும் நினைத்தார்கள். அந்தக் கேலியையே குழு தன் பெயராக எடுத்துக்கொண்டது. தீவிர வலதுசாரிகளின் சின்னங்களோடு விளையாடுகிறார் என்று பாடகர் மொரிசியைக் குற்றஞ்சாட்டி, 1992இல் லண்டனில் அவருடைய தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. கம்பனி வாசலில் அவருடைய படத்தை எரித்தார்கள். 1993இல் வந்த முதல் குறுந்தட்டை வழக்கமான கறுப்பில் அல்லாமல் கறியின் நிறத்தில் அச்சிட்டார்கள். தட்டு என்ற பொருளையே ஒரு பேச்சாக மாற்றும் பழக்கம் இவர்களுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது.

1997 தொகுப்பில் 15 உருப்படிகள். சித்தாரும் தம்புராவும் டோலக்கும் மின்கிட்டாரோடு சேர்கின்றன. வேறு தட்டுகளில் இருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டுகள் தாளமாக ஓடுகின்றன. அமெரிக்கக் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க் ஒரு உருப்படியில் தன் கவிதையை வாசிக்கிறார். தொகுப்பு வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னர், 1997 ஏப்ரலில், அவர் காலமானார். கடைசிப் பாட்டு பீட்டில்ஸ் குழு 1965இல் பாடிய ‘நோர்வீஜியன் வூட்’. அக்குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் சித்தாரைக் கையிலெடுத்து மேற்கத்திய பொப் இசையில் ஒலிக்கச் செய்த பாட்டு அது. டிஜிந்தர் சிங் அதை முழுக்கப் பஞ்சாபியில் பாடினார். இரவல் கொடுத்த பொருளை முப்பது ஆண்டு கழித்துப் போய் வாங்கிவந்ததைப் போன்ற காரியம் அது. இதற்காக மட்டுமே இத்தொகுப்பை ஒருமுறை கேட்கலாம்.

ஆனாலும் உலகம் அறிந்தது ‘பிரிம்ஃபுல் ஒஃப் ஆஷா’ பாட்டைத்தான். ஆஷா என்பது ஹிந்தித் திரைப்பாடகி ஆஷா போஸ்லே. தமிழ் ரசிகர்களுக்கும் அவர் அந்நியர் அல்லர். 1987இல் ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ படத்தில் இளையராஜாவுக்கும், 2000இல் ‘அலைபாயுதே’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மானுக்கும் பாடியவர். திரையில் நடிகை வாயசைக்க, மறைவில் நின்று ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடிய குரலுக்கு இந்த ரொக் பாட்டு வணக்கம் சொல்கிறது. லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி பெயர்களும் வருகின்றன. அவற்றோடு பிரெஞ்சுப் பாடகர் ஒருவரும், ஜமேக்க இசைத்தட்டுகளை வெளியிட்ட ட்ரோஜன் கம்பனியும், வானொலிப் பெட்டியும் பட்டியலில் சேர்கின்றன. குடியேறிய குடும்பமொன்றின் வரவேற்பறை அலுமாரியில் அடுக்கியிருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதுபோல் பாட்டு நகர்கிறது. அரசாங்கத்தின் எச்சரிக்கைகளும் அது கட்டும் அணைகளும்கூட ஓரிடத்தில் தலைகாட்டும். சனங்களின் மனம் அவற்றில் இல்லை, சினிமாப் பாட்டில் இருக்கிறது என்பது பொருள். 1976இல் பொல்கொல்லையும் 1985இல் விக்டோரியாவும் எழுந்ததைப் பார்த்த கண்டிச் சுற்றுவட்டாரத்தார் இந்த இடத்தைப் பிறரைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

பாட்டில் வரும் 45 என்பது நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டு. அதற்கு முன் இருந்தவை அரக்கால் ஆன 78 சுற்றுத் தட்டுகள். பக்கத்துக்கு மூன்று நிமிடம் கொள்ளும், கைதவறினால் உடையும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பனி வைனிலில் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் 45ஐ இறக்கியது. இந்தியாவில் ஒரு படத்தின் நான்கு பாடல்களைப் பக்கத்துக்கு இரண்டாக அடக்கிய ஏழு அங்குலத் தட்டு மிகவும் பிரபலமானது. கல்கத்தாவின் டம் டம் தொழிற்சாலையில், நாய் படம் போட்ட எச்.எம்.வி. முத்திரையோடு அச்சான தட்டுகள் கொழும்பு வழியாகக் கண்டிக்கும் வந்தன.

தட்டு வாங்க வசதியில்லாத தோட்டத்து லயங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்த்தது வானொலி. இலங்கை வானொலி இந்தியாவையே தன் பக்கம் திருப்பியதன் பின்னணியில் ஒரு போர் இருக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தலைமைதாங்கிய நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு மாறி, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அமைந்தது. அந்தக் கட்டளையின் படைவீரர்களுக்காகக் கொழும்பில் இருந்து ரேடியோ சீயக் ஒலிபரப்பானது. எக்கலையில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி போர் முடிந்தபின் இலங்கைக்கே கிடைத்தது. துணைக்கண்டம் முழுதும் எட்டக்கூடிய குரல் ஒரு சிறு தீவின் கைக்கு இப்படி வந்தது.

1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவானது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். ரசிகர்கள் உடனே இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். அதே ஆண்டு டிசெம்பரில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி அங்கே தொடங்கியது. பம்பாயில் பதிவான நாடாக்கள் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து இந்தியா எங்கும் ஒலித்தன. தமிழ்ச் சேவையில் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்காகத் தமிழ்நாட்டில் காத்திருந்தவர்கள் பலர். 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரை இந்தியா இதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ஆஷா போஸ்லேயை வீட்டுக் குரலாக்கியதில் இலங்கை வானொலிக்கும் நியாயமான பங்கு உண்டு. கோர்னர்ஷொப் பாட்டு அகில இந்திய வானொலியைப் பெயர் சொல்லி அழைக்கிறது. கொழும்பின் பெயரும் அங்கே இருந்திருக்கலாம்.

முதலில் வெளிவந்தபோது அந்தப் பாட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 60ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஜோன் பீல் நடத்திய பி.பி.சி. நிகழ்ச்சியின் நேயர்களோ அதை ஆண்டின் முதல் பாட்டாக வாக்களித்தார்கள். பிறகு ஃபட்போய் ஸ்லிம் எனப்படும் நோர்மன் குக் வேகத்தைக் கூட்டி, தாளத்தைத் தடித்ததாக்கி ஒரு மறுகலவை செய்தார். 1998 பெப்ரவரியில் அது முதலிடத்துக்குப் போனது. அதனால் பெரும்பாலோர் நினைவில் நிற்பது அந்த வேகமான வடிவம். தொகுப்பில் உள்ள மூலம் நிதானமானது. கிட்டார் சாவகாசமாக அசைய, ஐந்து நிமிடம் எடுத்துப் பேசும் பாட்டு. நெடுந்தட்டில் ஊசியை வைத்து முதல் பாட்டில் இருந்து கேட்டு வரும்போதுதான் அந்த நிதானம் தொகுப்பு முழுவதற்கும் உரியது என்று தெரியவரும்.

1997 குறுவட்டின் பொற்காலம். அந்நாளைய தொகுப்புகள் பல 50 நிமிடத்தைத் தாண்டுபவை; வைனிலின் ஒரு பக்கமோ 22 நிமிடத்துக்கு மேல் நன்றாகத் தாங்காது. இன்று நிலைமை மாறிவிட்டது. 2020இல் அமெரிக்காவில் வைனில் வருமானம் குறுவட்டு வருமானத்தை மிஞ்சியது. 1986க்குப் பின் அதுவே முதல்தடவை.

தட்டின் பள்ளம் தலைமயிர் அளவுக்குக் குறுகியது. அதன் இரு சுவர்களும் ஒவ்வொன்றும் ஒரு ஒலிவழியைச் சுமக்கின்றன. இரண்டின் நெளிவையும் ஒரே வைர ஊசி படிக்கிறது. 33⅓ சுற்று நெடுந்தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியடியில் வினாடிக்கு 50 சென்டிமீற்றர் அளவில் ஓடும். நடுவில் ஒட்டிய கம்பனி முத்திரையை நெருங்கும்போது அது ஏறக்குறைய 20க்குக் குறைந்துவிடும். அதே ஒலியைச் சின்ன இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’ ஓசைகள் கரகரக்கலாம். 45 சுற்றில் அதே இடத்தில் வேகம் 35 வீதம் அதிகம். ஒற்றைப் பாட்டு 45இல் துள்ளலாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

கண்டியில் தட்டுகளுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. மழை மாதங்களில் அட்டை உறை நீரை உறிஞ்சி, பூஞ்சணம் தட்டின் மேல் வெண்புள்ளிகளாகப் படரும். அதுவே கேட்கும்போது சடசடப்பாக வரும். தட்டுகளைச் சுவரை ஒட்டாமல், படுக்கவைக்காமல், நிமிர்த்தி அடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைனிலை, காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோபுரொப்பைல் அற்ககோல் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே மென்துணியால் துடைக்கலாம். பழைய 78 தட்டில் அற்ககோல் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு, வைனில் ஊசியைப் போல் நான்கு மடங்கு அகன்றது.

கனடாவில் உள்ள உறவினர் அனுப்பும் பழைய ரெக்கோட் பிளேயரில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. டிரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. மின்னலைவோடு சேர்ந்து ஓடும் வகை மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 33⅓ சுற்று 28க்கும் கீழே போய், ஆஷாவின் குரலே ஆண்குரலாய்க் கனத்துவிடும். நேர்மின் மோட்டர் கொண்ட பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றுக்கு 50 ஹேர்ட்ஸுக்குரிய கப்பி கிடைக்குமா என்று பொதி கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.