ஆலந்தூரில் ரயில் மாறப் போறீங்களா?

"இந்த ரயில் சென்ட்ரல் போகுமா?" ஆலந்தூர் மெட்ரோவில் இப்படிக் கேட்டால், நீலம், பச்சை இரண்டிலுமே "போகும்" என்று பதில் வரலாம். சிக்கலே அங்கேதான். நீலம், பச்சை இரண்டு வழித்தடங்களுமே சென்ட்ரல் போகும். ஆனால் பாதை வேறு. நீல வழித்தடம் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாகப் போகும். பச்சை வழித்தடம் வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர் என்று சுற்றிப் போகும். எழும்பூரில் ரயிலைப் பிடிக்கணுமா? நீலத்தில் ஏறிடாதீங்க, அது அங்கே போகாது.

சாலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் இந்த நிலையத்தில் நடைமேடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்களில் இருக்கு. 2015 ஜூன் 29-ல் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது கோயம்பேடு - ஆலந்தூர் இடையேதான். அப்போது இங்கே பச்சை மட்டும்தான், குழப்பமே இல்லை! 2016 செப்டம்பரில் விமான நிலையத்துக்கு ரயில் விட்டபோது நீலமும் சேர்ந்தது. பெயர்ப்பலகையில் 'அறிஞர் அண்ணா ஆலந்தூர்' என்றிருந்தால் தயங்காதீங்க, 2020-ல் சூட்டிய பெயர் அது.

ரயில் மாற தளம் மாறினால் போதும். டிக்கெட் காட்டும் கதவைத் தாண்டி வெளியே போயிடாதீங்க. விமான நிலையத்துக்கு நீலம். பச்சையில் எதிர்த்திசையில் ஏறினால் அடுத்த நிலையமான பரங்கிமலையோடு சரி.