சென்னை - மும்பை: இரண்டு மணி நேரம் என்பது யார் கணக்கு?

நமது சங்கத்துக் கடைக்காரர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம், "அண்ணாச்சி, காலை விமானத்தில் மும்பை போய்ச் சரக்கைப் பார்த்துவிட்டு, சாயங்கால வியாபாரத்துக்குக் கடைக்கு வந்துவிடலாம் இல்லையா?" என்று கேட்டார். டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வந்த ஆசை. அதே ஆசையில் நாமும் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டோம்.

முதலில் தூரம். ஆகாய வழியில் நேராக அளந்தால் இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 1,030 கிலோமீட்டர். ரேணிகுண்டா, குண்டக்கல், சோலாப்பூர், புனே என்று சுற்றிப் போகும் ரயிலுக்குச் சுமார் 1,280. பெங்களூரு, ஹூப்ளி வழியாக வரும் லாரிக்கு 1,300க்கும் மேல். ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்கும். அப்படியானால் ஒன்றேகால் மணி நேரம்தானே என்று கேட்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. மேலும் அட்டவணையில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்குக் காத்திருப்பதும், மும்பை வானில் வட்டமடிப்பதும் அதில் அடக்கம். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் சில நிமிஷம் கூடும்.

நிற்க. நாம் ஏமாந்த கதைக்கு வருவோம். 2009 தீபாவளிக்கு முன்பு வாஷி மார்க்கெட்டில் 60 பெட்டி பாதாம் நல்ல விலைக்கு இருப்பதாகத் தரகர் போன் செய்தார். பகல் 12 மணி வரை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். இங்கே இருபது கடைகளுக்கு நாம் வாக்குக் கொடுத்திருந்தோம். காலை 7 மணி விமானத்தைப் பிடித்தோம். மீனம்பாக்கத்தில் தரையிலேயே ஐம்பது நிமிஷம் நின்றது. மும்பையில் வெளியே வரும்போது மணி பத்தேகால். அங்கிருந்து வாஷிக்கு முப்பது கிலோமீட்டர்கூட இராது. சயானிலும் செம்பூரிலும் டாக்சி நகரவே இல்லை. கிட்டங்கியை அடைந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. சரக்கு கைமாறிவிட்டது. தரகர்மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் சொன்ன நேரம் வரை வைத்திருந்தார். கடைசியில் சென்னையிலேயே கூடுதல் விலைக்கு வாங்கி, சொன்ன விலைக்கே கடைகளுக்குக் கொடுத்தோம். அந்த வருஷப் பாதாமில் லாபம் பார்க்கவில்லை.

ஆகவே கடையிலிருந்து கிட்டங்கி வரை கணக்குப் போடுங்கள். கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்து போகிறவர்கள் மண்ணடியில் மெட்ரோ ஏறலாம். நடையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் ஒன்றரை மணி, பயணம் இரண்டு, பெட்டி எடுத்து வெளியேற அரை மணி, வாஷிக்கு ஒன்றரை. ஆக ஆறரை மணி நேரம். திரும்பவும் அதே அளவு. போக வரவே பதின்மூன்று மணி!

2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையம் செயல்படுகிறது. வாஷி போகிறவர்களுக்கு அது பக்கம்; கடைசி ஒன்றரை மணியில் நல்ல பகுதி மிச்சமாகும். டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையத்தில் இறங்குகிறது என்று பாருங்கள், இரண்டுக்குமே மும்பை என்றுதான் சொல்வார்கள். மாதிரிச் சரக்கு மூட்டை கொண்டுவருவதானால் எத்தனை கிலோ அனுமதி என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மிடம் கேட்ட கடைக்காரர் முதல் நாள் சாயங்கால விமானத்துக்கு மாற்றிக்கொண்டார். இரவு வாஷியிலேயே தங்கி, மார்க்கெட் திறக்கும்போது வாசலில் நிற்கப் போகிறாராம்.