முகமறியாதவருக்கும் சேரும் நிதி

கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற 18 வயது மாணவருக்கு 1977-ஆம் ஆண்டு எலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, வலது கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. அவர் பிழைக்க 50 சதவீத வாய்ப்பு இருப்பதாகவும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நோய் வந்திருந்தால் அது 15 சதவீதமாகவே இருந்திருக்கும் என்றும் மருத்துவர்கள் கூறினர். இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சி முன்னேறியதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ந்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதை அவர் தன் உடலிலேயே உணர்ந்தார்.

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி, கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு கனடியரிடமிருந்தும் ஒரு டாலர் என்பதே அவரது வேண்டுகோளாயிற்று. நாள்தோறும் சராசரியாக ஏறத்தாழ 38 கி.மீ. வீதம் 143 நாள்களில் 5,373 கி.மீ. கடந்தபோது, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது. கனடாவின் அன்றைய மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அவ்வாண்டு ஜூன் 28-இல், 22 வயதில் அவர் மறைந்தார். அவர் பெயரிலான ஓட்டம் பல நாடுகளில் தொடர்கிறது. சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்துள்ளது.

இம்மரபு நமக்குப் புதிதன்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களிடம் நிதி திரட்டி 1954-இல் தொடங்கியதே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. வெறும் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அது, இன்று நாடறிந்த நிறுவனம்.

இன்று நம் இளைஞர்களின் உதவி பெரும்பாலும் கைப்பேசி வழியாக, தனி நோயாளிகளுக்கான வேண்டுகோள்களாகப் பரவுகிறது. அதில் தவறில்லை. ஆனால், அந்த உதவி, உருக்கமான காணொலி எடுக்கவும் அதைப் பகிரவும் ஆள் உள்ளவர்களையே முதலில் சென்றடைகிறது.

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கூலித் தொழிலாளிக்கு இந்நோய் வந்தால், அவர் புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறுக்கோ செல்ல நேரிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கும். கதிர்வீச்சு சிகிச்சையோ பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் நீளும். அத்தனை நாளும் தங்குமிடம், உணவு, பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவர் இழக்கும் கூலி ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு? சிகிச்சையைப் பாதியில் கைவிடும் முடிவு பல வீடுகளில் இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. இவர்களுக்காகக் காணொலி வெளியிட எவருமில்லை. மருத்துவமனைகளும் அறக்கட்டளைகளும் பேணும் பொது நிதியே இவர்களைத் தாங்க முடியும்.

எனவே, நிதி திரட்ட முன்வரும் மாணவர்கள் அதைத் தனிநபர் கணக்கில் சேர்க்காமல், நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தச் செய்ய வேண்டும். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் வருமான வரிச் சட்டப் பதிவு அந்நிறுவனத்துக்கு உண்டா எனப் பார்த்து, கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீது பெற்றுத் தர வேண்டும். பத்து ரூபாய் தந்தவருக்கும் கணக்குச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், மறுமுறை கேட்கும்போது மக்கள் தயங்க மாட்டார்கள்.