நடக்கும் ரோபோவின் துடிப்புச் சுற்று

கால்களால் நடக்கும் சிறு ரோபோவுக்கு முதலில் வேண்டியது தாளம். ஒரு பக்கக் கால் முன்னே செல்ல, மறுபக்கக் கால் தரையைப் பின்னே தள்ள வேண்டும். பிறகு இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மாறிமாறி வரும் துடிப்பை ஓயாமல் உண்டாக்கும் மின்சுற்றே அலையியற்றி. இன்று பலர் இதற்கு மைக்ரோகன்ட்ரோலர் வைத்து நிரல் எழுதுகிறார்கள். ஆனால் மலிவான ஒரு சிப்பும் இரண்டு கெப்பாசிட்டர்களும் ஒரு ரெசிஸ்டரும் இருந்தால், நிரலே இல்லாமல் அந்தத் துடிப்பைப் பெறலாம்.

இந்த வழியைப் பரப்பியவர் மார்க் டில்டன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1989இல் ரோபோ ஆய்வாளர் ராட்னி புரூக்ஸின் உரையைக் கேட்டு இந்தத் திசையில் இறங்கினார். பிறகு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பணியாற்றினார். 1994இல் இவ்வகைச் சுற்றுகளுக்குக் காப்புரிமை பெற்றார். 2004இல் கடைகளுக்கு வந்த ரோபோசேப்பியன் பொம்மையும் அவர் வடிவமைத்ததே. அவர் தொடங்கிய பாணிக்கு ‘பீம்’ என்று பெயர்.

சுற்றின் அடிப்படை இன்வெர்ட்டர். உள்ளே உயர் மின்னழுத்தம் வந்தால் வெளியே தாழ்வாகவும், தாழ்வாக வந்தால் உயர்வாகவும் தருவது அதன் வேலை. அதன் உள்முனைக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டரையும், உள்முனையிலிருந்து தரைக்கு (மின்கலத்தின் எதிர்முனைக்கு) ஒரு ரெசிஸ்டரையும் இணைத்தால் அதற்குக் குறுகிய கால நினைவு வந்துவிடுகிறது. மின்னழுத்தம் திடீரென ஏறும்போது கெப்பாசிட்டர் அந்தத் தாவலை உள்ளே கடத்துகிறது. இன்வெர்ட்டரின் வெளிமுனை தாழ்கிறது. பிறகு, துளையிட்ட குடத்து நீர்போல உள்முனையின் மின்னழுத்தம் ரெசிஸ்டர் வழியே மெல்ல வடிகிறது. அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் வெளிமுனை மீண்டும் உயர்கிறது.

வடியும் நேரம் ரெசிஸ்டர் மதிப்பையும் கெப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கினால் வரும் அளவை ஒட்டியே இருக்கும். 1 மெகா ஓம், 0.47 மைக்ரோ ஃபாரட் என்றால் ஏறத்தாழ அரை விநாடி. சிப்பின் வகையைப் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும்.

இத்தகைய இரண்டு அலகுகளை, ஒன்றின் வெளிமுனை மற்றதன் கெப்பாசிட்டரில் சேரும்படி வளையமாக இணைத்தால் அது ‘பைகோர்’. ஒன்று துடித்து முடித்ததும் அடுத்தது தொடங்கும். தரைக்குச் செல்லும் இரண்டு ரெசிஸ்டர்களுக்குப் பதிலாக இரு உள்முனைகளுக்கும் இடையே ஒரே ரெசிஸ்டரை வைப்பதும் உண்டு. நான்கு அலகுகளை வளையமாக்கினால் ‘மைக்ரோகோர்’; அதில் மின்சாரம் கொடுத்ததும் ஒன்றுக்கு மேற்பட்ட துடிப்புகள் ஓடத் தொடங்கலாம் என்பதால், கூடுதலானதை அழிக்கத் தனிச் சுற்று தேவைப்படுகிறது.

74ஹெச்சி240 சிப்பில் எட்டு இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. பைகோரின் இரு வெளிமுனைகளுக்கு இடையே சிறு கியர் மோட்டாரை இணைத்தால், அது ஒவ்வொரு துடிப்புக்கும் திசை மாறிச் சுழலும். ஓர் இன்வெர்ட்டரால் சில பத்து மில்லி ஆம்பியர் மட்டுமே தர முடியும். ஆகவே மோட்டாருக்குப் பலவற்றை இணையாகச் சேர்ப்பார்கள். இரண்டு மோட்டார் கொண்ட நடக்கும் ரோபோவில், முன்கால்களின் பைகோர் பின்கால்களின் பைகோரை ரெசிஸ்டர்கள் வழியே இழுத்துச் செல்கிறது. பின்கால்கள் சற்றுத் தாமதித்து அசைவதால்தான் ரோபோ ஆடிக்கொண்டே நிற்காமல் முன்னேறுகிறது.

இந்தச் சுற்றின் உண்மையான அழகு வேறிடத்தில் இருக்கிறது. கால் கல்லில் முட்டினால் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும். வெளிமுனை மின்னழுத்தம் சரியும். கெப்பாசிட்டர் கடத்தும் தாவலும் சிறுக்கும். தாவல் சிறுத்தால் வடியும் நேரமும் குறைந்து கால் விரைவில் திசை மாறும். தனி உணரி இல்லாமலே தரையின் தன்மை நடையை மாற்றுகிறது. நிரலில் இதே பலனுக்கு உணரியும் கணக்கும் வேண்டும்.

தரைக்குச் செல்லும் ரெசிஸ்டர்களின் இடத்தில் ஒளியுணரிகளை வைத்தால், வெளிச்சம் கூடிய பக்கத்துத் துடிப்பு குறுகி ரோபோ திரும்பும். முதன்முறை கட்டுபவர்கள் மோட்டாருக்கு முன் எல்இடியைத் தக்க ரெசிஸ்டருடன் இணைத்துத் துடிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. பயன்படாத உள்முனைகளைத் தரையோடு இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை இரைச்சலைப் பிடித்துத் தாளத்தைக் கெடுக்கும்.